தறித் தெருவில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்

விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தின் நெசவுத் தெருவுக்குள் காலை 10 மணிக்கு நுழைந்து, "யாருக்காவது பிரஷர் பார்க்கணுமா?" என்று கேட்டால் திண்ணையில் இருக்கிற பாட்டிகள் மட்டும் கையை நீட்டுவார்கள். நெய்கிறவர் தறிக்குழியை விட்டு ஏற மாட்டார். கூலி சேலைக் கணக்கில் வருகிறது. அரை மணி நேரம் தறி நின்றால் அது அவருடைய நஷ்டம். ஆனால் நாம் தேடி வந்ததே அவரைத்தான். நாற்பதைத் தாண்டியவர், நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை, இடுப்பு வலிக்குக் கடை மாத்திரை, கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

செவிலியர் படிப்பு முடித்தவர்கள், படித்துக்கொண்டிருக்கும் மாணவிகள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. ஊர் முழுவதையும் எடுக்காதீர்கள். ஐம்பது வீடு போதும். ஐந்நூறு பேருக்கு ஒரே நாளில் அளவு பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் முகாம்களைவிட, ஐம்பது வீட்டுக்கு ஆறு மாதம் திரும்பத் திரும்பப் போகிற ஒருவர் அதிகம் சாதிப்பார் என்பது என் கருத்து.

## தொடங்கும் முன்

1. உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரை முதலில் பாருங்கள். அவரைக் கேட்காமல் தெருவில் இறங்காதீர்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் காசநோய் மருந்து ஓடுகிறது, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.
2. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுமதி வாங்குங்கள். நீங்கள் அனுப்பும் ஆளை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் பார்ப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை யாருக்கும் அளவு பார்க்காதீர்கள். போக்கிடம் இல்லாமல் நோயை மட்டும் சொல்லிவிட்டு வருவது பயமுறுத்துவதுதான்.
3. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலரைச் சந்தியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர் பட்டியலில் விடுபட்டவர்கள்தான் உங்கள் ஆட்கள்: பகலில் வீட்டில் இருந்தும் தறியை விட்டு வராதவர், மில்லுக்குப் போகிறவர், வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்.
4. நீங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். ஊசி முனையோடு வேலை.

## எப்போது போவது

தறி ஓடும் நேரத்தில் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பொழுது விடிந்து முதல் டீக்கும் தறியில் இறங்குவதற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. மாலையில் விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னொன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் காலைதான் வசதி, ஆனால் அந்த முதல் டீக்கு முன்னால் போக வேண்டும்.

பல நெசவுத் தெருக்களில் அமாவாசைக்குத் தறி ஓடாது. உங்கள் தெருவின் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, அன்றைக்குப் பெரிய சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கடம்: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி மலை ஏறுகிற கூட்டம் அடிவாரத்துத் தாணிப்பாறைக்கு வருவதால் வத்திராயிருப்பு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பையோடு போகிறவர் முதல் வண்டியிலேயே போய்விடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் யாரும் உங்களிடம் பேசக்கூட மாட்டார்கள். ஆடிப்பூரத் தேர் நாளில் பாதித் தெரு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும்.

## முதல் நாள்: அளவு வேண்டாம், கேள்வி போதும்

முதல் நாள் கருவியை வெளியே எடுக்காதீர்கள். தெருவை நடந்து, ஒரு தாளில் வீடுகளை வரைந்து, தறி உள்ள வீட்டுக்கு ஒரு குறி, தனியாக இருக்கும் முதியவருக்கு ஒரு குறி, கைக்குழந்தைக்கு ஒரு குறி போடுங்கள்.

பிறகு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகள்:

1. "அறுந்த இழை முன்ன மாதிரி கண்ணுக்குத் தெரியுதா அண்ணாச்சி?"
2. "இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க?"
3. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

முதல் கேள்விதான் கதவைத் திறக்கும். நெசவாளருக்குக் கண் போனால் பிழைப்பு போச்சு. நாற்பதுக்கு மேல் பக்கத்துப் பார்வை மங்குவது எல்லோருக்கும் உள்ளது, கண்ணாடி போட்டால் சரியாகும். ஆனால் சர்க்கரையால் விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் வலியோ மங்கலோ இல்லாமல் நடக்கும். சர்க்கரை உள்ளவர் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயர் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். "கண் டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னால சர்க்கரை பார்த்துக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்வார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கலாம்" என்று ஆரம்பித்தால் நாடாவை இன்னும் வேகமாகத் தள்ளுவார்.

இரண்டாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தினமும் போடுகிறவருக்கு அதனாலேயே ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் கெடும். பிரஷர் மாத்திரை போட்டும் அளவு இறங்காதவர் வீட்டில் சட்டைப் பையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி தீர்ந்த அட்டை ஒன்று அங்கே இருக்க வாய்ப்புண்டு.

## பையில் வைக்க வேண்டியவை

- மேற்கைப் பட்டையுடன் கூடிய ரத்த அழுத்தக் கருவி. பெரிய, நடுத்தரப் பட்டை இரண்டும்
- குளுக்கோமீட்டர், பட்டைகள், ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிமுனைகள்
- ஊசி துளைக்காத வெள்ளை டப்பா
- சோப்பு, சுத்தமான துணி, பஞ்சு, கையுறை
- சர்க்கரைப் பொட்டலம் இரண்டு
- நோட்டு, பேனா, சிறு துண்டுச் சீட்டுகள்

குளுக்கோமீட்டர் பட்டைகளை வண்டிப் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். விருதுநகர் மாவட்ட வெயிலில் அவை கெட்டுத் தப்பான எண் காட்டும். பட்டை டப்பாவின் மூடியை ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

## ரத்த அழுத்தம்: படிப்படியாக

குழித்தறியில் நெய்கிறவர் இரண்டு காலாலும் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார், ஒரு கை நாடாவை இழுக்கிறது, மறுகை பலகையை அடிக்கிறது. உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பவரைப் போலத்தான் அவர். ஏறி வந்த கையோடு பட்டையைச் சுற்றினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

1. அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, புகையிலை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.
2. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.
3. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நாற்காலி இல்லாத வீட்டில் சுவரோரம் உள்ள திண்ணையோ படியோ போதும். சம்மணம் வேண்டாம், கால்மேல் கால் வேண்டாம்.
4. 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். இதற்குள் அவர் வீட்டுக்காரம்மாவிடம் பேசுங்கள், அவரிடம் பேசாதீர்கள்.
5. சட்டைக் கையை உருட்டி இறுக்காமல் கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பட்டை வெறும் தோலில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.
6. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள், சராசரியைக் கணக்கில் எடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும் கூடும். பேசிக்கொண்டே பார்த்தாலும் கூடும். மூன்றும் சேர்ந்தால் நல்ல மனிதரை நோயாளி ஆக்கிவிடுவீர்கள்.

எண்ணைப் பார்த்து என்ன செய்வது: 140/90க்குக் கீழே என்றால் வருடம் ஒரு தடவை பார்க்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே "உங்களுக்கு பிரஷர்" என்று சொல்லாதீர்கள்; வேறொரு நாள் திரும்பப் பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எண்ணைத் தெருவில் சத்தமாகச் சொல்லாதீர்கள். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் 'சர்க்கரை வீடு' என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த முறை உங்களுக்குக் கதவு திறக்காது. சீட்டில் எழுதி கையில் கொடுங்கள்.

## சர்க்கரை: விரலில் பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இது வேடிக்கைப் பேச்சில்லை. பால்கோவாவோ பழமோ தொட்ட விரலில் குத்தினால், நல்ல மனிதருக்கு 250 காட்டும்.

1. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் ரத்தத்தை நீர்க்கச் செய்து எண்ணைக் குறைக்கும்.
2. நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். தார் சுற்றுகிறவருக்கும் இழை முடிகிறவருக்கும் நடு நுனிதான் வேலைக்கருவி. நெய்கிற கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிடுங்கள்.
3. விரலைப் பிசைந்து பிழியாதீர்கள். கையைச் சற்றுத் தொங்கவிட்டால் தானே வரும்.
4. ஊசிமுனை ஒருவருக்கு ஒன்று. கணவன் மனைவியாக இருந்தாலும் அப்படித்தான்.
5. பயன்படுத்தியதும் வெள்ளை டப்பாவுக்குள். டப்பாவைச் சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள், தெருக் குப்பையில் போடக்கூடாது.

சாப்பிட்ட நேரம் பாராமல் எடுத்த அளவு 140க்கு மேல் இருந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது சாப்பிட்ட நேரம் பாராமல் 200 அல்லது அதற்கு மேல் என்றால் ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குளுக்கோமீட்டரை வைத்து நோயை உறுதி செய்யக்கூடாது.

உங்கள் கையில் ஊசி குத்திவிட்டால்: விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை முதல் சில மணி நேரத்திலும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். சுற்று முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

## பாதம் பார்க்காமல் எழாதீர்கள்

சர்க்கரை உள்ள நெசவாளரிடம் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். வெறுங்காலோடு மிதிக்கிறார், குழிக்குள் வெளிச்சம் இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் குழி ஈரம் கசியும். கால் மரத்துப்போனவருக்கு மிதிக்கட்டையின் சிராய் ஏறினாலும் தெரியாது. புண் அழுகி வாடை வந்த பிறகு வீட்டார் சொல்லித்தான் தெரியும்.

1. பாதத்தைக் கழுவித் துடைத்து, உங்கள் மடியில் ஒரு துணி விரித்து வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். "என் அப்பா கால் மாதிரிதான் அய்யா" என்று சொல்லி எடுத்து வையுங்கள்.
2. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம், மிதி படும் இடத்தின் காய்ப்பு என ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ப்பின் அடியில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே புண் இருக்கலாம்.
3. கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரல் நுனியால் ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் சொல்லச் சொல்லுங்கள். இரு பாதமும் சேர்த்து ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடம் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் அனுப்புங்கள்.
4. தினமும் இரவு வீட்டில் யார் பாதத்தைப் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். பேரப்பிள்ளை நல்ல தேர்வு. அதற்குக் கண் நன்றாகத் தெரியும், மறக்காமல் சொல்லும்.
5. மிதிக்கட்டையைத் தடவிப் பார்த்து, சிராய் இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். குழியில் காய்ந்த சாக்கு விரிக்கட்டும்.

காய்ப்பைப் பிளேடால் சீவுவதும், மரத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதும் இந்தப் பக்கம் சகஜம். இரண்டையும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

## உடனே 108

- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் விழுவது, பேச்சு குழறுவது
- நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, வியர்வையோடு மூச்சுத் திணறல்
- திடீர்ப் பார்வை இழப்பு, தாங்க முடியாத தலைவலி, நினைவு தடுமாறல்

பக்கவாதத்தில் ஒரு கேள்வி முக்கியம்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" அந்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஆம்புலன்ஸில் கொடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள், ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும். பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே 70 கி.மீ.க்கு மேல். மாமா வரட்டும், வண்டி வரட்டும் என்று போகிற அரை மணி திரும்பி வராது. வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரை வைப்பது ஆபத்து.

சர்க்கரை தாழ்ந்தால்: சேலையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு நெய்கிறவருக்கு இது வரும். வியர்வை, கை நடுக்கம், எரிச்சல் பேச்சு. தறிக்குழியில் வியர்த்தால் புழுக்கம் என்று நினைத்துவிடுவார்கள். அளவு 70க்குக் கீழே, அல்லது பார்க்க வசதி இல்லை ஆனால் சந்தேகம் என்றால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தேறியதும் சோறு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

## நோட்டில் கடைசிக் கட்டம்

எல்லோரும் பெயர், வயது, அளவு, தேதி எழுதுகிறார்கள். உங்கள் நோட்டில் கூடுதலாக மூன்று கட்டம் போடுங்கள்: அடுத்த தேதி, போனாரா, ஏன் போகவில்லை. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

*"போன வாரம் அளவு நல்லா இருந்துச்சு நர்சம்மா, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்."* மாத்திரையால்தான் நன்றாக இருந்தது என்று விளக்குங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை "போட்டேன்" என்று பொய் வரும்.

*"மாத்திரை போட்டா தலை சுத்துது."* இதை நம்புங்கள். உட்கார வைத்து அளந்த பிறகு, எழுந்து நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் அளங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் எழுதி அனுப்புங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை குழியிலிருந்து சட்டென்று எழாமல், விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

*"ஒரு நாள் தறி நின்னா யாரு கூலி தருவா?"* நியாயமான கேள்வி. இப்படி மூன்று நான்கு பேர் சேர்ந்ததும், தறி நிற்கும் நாளில் ஒரே ஆட்டோவில் அழைத்துப் போகலாமா என்று பாருங்கள். சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

*"மாத்திரை தீர்ந்து போச்சு."* தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் வரும் தேதியை அவருடைய காலண்டரில் நீங்களே வட்டமிடுங்கள்.

*"நாட்டு மருந்து சாப்பிடுறேன்."* சண்டை போடாதீர்கள். "அதையும் சாப்பிடுங்க, இதையும் விடாதீங்க" என்று பொத்தாம் பொதுவாகவும் சொல்லாதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் உப்பைக் குறை என்றால் சமைக்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் சண்டைதான் வரும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இவற்றில் ஏதாவது ஒன்றை விடச் சொல்லுங்கள். எதை விடுவது என்று வீட்டார் தேர்வு செய்யட்டும்.

## இதே முறை, வேறு ஆட்கள்

ராஜபாளையம் மில் தொழிலாளர்: ஷிப்ட் மாற்றத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவரிடம், விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்குகிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் அதை 'சளி' என்று எழுதாமல் அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை.

மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகள்: தனியாகப் போகாதீர்கள். சுகாதாரத் துறையின் குழுவோடும், வனத்துறையிடம் சொல்லிவிட்டும் போங்கள். அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். தேன், கிழங்கு எடுக்க ஆட்கள் காட்டுக்குள் போயிருக்கும் நாட்களில் போய் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு வராதீர்கள்.

இன்சுலின் போடும் முதியவர், வீட்டில் பிரிட்ஜ் இல்லை: புது மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் சிறு பானைக்குள் மருந்தை வைத்து மூடி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். மணல் காயாமல் இருக்க வேண்டும், குப்பியில் தண்ணீர் படக்கூடாது.

## நீங்கள் ஊரை விட்டுப் போகும்போது

படிப்பு முடியும், வேலை மாறும், கல்யாணம் ஆகும். அதற்கு ஒரு மாதம் முன்பே:

1. அளவு இன்னும் கட்டுக்குள் வராதவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள்.
2. கிராம சுகாதார செவிலியரையோ திட்டத் தன்னார்வலரையோ அந்த வீடுகளுக்கு உடன் அழைத்துப் போய் அறிமுகம் செய்யுங்கள். தாளைக் கொடுத்தால் போதாது.
3. அசல் நோட்டை அவரிடம் ஒப்படையுங்கள். செல்போனில் எடுத்த படங்களை அழித்துவிடுங்கள்.
4. வெள்ளை டப்பாவைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.